யசோதா வீட்டு வாசலில் வேப்பிலை

ஆந்திர எல்லை ஊரான நகரியில் சந்தியா குடியிருக்கும் தெருவில் அவளுக்கு அவசரக்குடுக்கை என்று பேர். சும்மா வந்த பேரா அது!

கங்கம்மா கோயில் திருவிழாவான ஜாத்திரையில் ஆடும் கோலாட்டத்தில் அவளும் எதிர்வீட்டு யசோதாவும் ஜோடி. "ரெண்டு பேரும் ஒரே மாதிரி குட்டைக்கை சட்டை போட்டுக்கலாம்டி" என்று கெஞ்சியவள் சந்தியாதான். எப்போதும் முழுக்கைச் சட்டையே போடும் யசோதா, தோழிக்காகச் சரி என்றாள்.

ஜாத்திரையன்று காலை, குட்டைக்கைச் சட்டையோடு யசோதா வாசலுக்கு வந்தாள். முழங்கைகளில் சிவந்த திட்டுகள், மேலே வெள்ளைச் செதில்கள். சந்தியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐயோ, அம்மை!

யசோதாவையே கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் அவசரக்குடுக்கை இல்லையே! தோழிக்குச் சீக்கிரம் குணமாகட்டும் என்று வேப்பிலை ஒடித்து வந்தாள். யசோதா உள்ளே போனதும், அவள் வீட்டு வாசலில் செருகிவிட்டு ஓடிவந்தாள்.

வாசலில் வேப்பிலை தொங்கினால் அந்த வீட்டுக்குள் வெளியாள் யாரும் போக மாட்டார்கள். பூக்கார லட்சுமம்மா நிற்காமல் தாண்டிப் போனாள். கோலாட்டம் சொல்லித்தரும் பத்மாவதி அக்கா வாசல்வரை வந்து திரும்பிவிட்டாள். "அவளுக்கு ஆத்தா வந்துகிறா. இந்த வருசம் ஆட வேணாம்" என்று சந்தியாவிடம் சொன்னாள்.

சாயங்காலம் சந்தியா எட்டிப் பார்த்தபோது, யசோதா கையில் கோல்களோடு, அழுத கண்களோடு தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"யாரோ வேப்பிலை வெச்சிட்டாங்கடி. ஆத்தாவுக்கு வெச்சதை எடுக்கவும் பயமா இருக்குது. அம்மாவும் வீட்ல இல்ல. எனக்கு அம்மையே இல்ல, சொரியாசிஸ்னு ஒரு தோல் வியாதி. அது ஒட்டாது. திருப்பதி ஆசுபத்திரிக்குப் போய்க்கினுதான் இருக்கேன்."

"அது பெரியவங்களுக்குத்தானே வரும்? எங்க வெங்கடசாமி மாமாவுக்கு இருக்குதே!"

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. அங்க பெரியவங்கதான் ஜாஸ்தி. ஆனா காலேஜ் அக்கா ஒருத்தி இருந்தா. என்னைவிடச் சின்னப் பையன்கூட இருந்தான். எந்த வயசுலயும் வருமாம். பாக்கறவங்க பயப்படறாங்கன்னுதான் முழுக்கை போடறேன். இன்னிக்கு உனக்காக..."

சந்தியா வாசலில் தொங்கிய வேப்பிலையைப் பார்த்தாள். "நான்தான்டி வெச்சேன்."

யசோதா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

'தப்பு என்னுது, ஆத்தா' என்று கும்பிட்டுவிட்டு, சந்தியா வேப்பிலையை எடுத்தாள். பிறகு வீடு வீடாக ஓடினாள். "யசோதாவுக்கு அம்மை இல்ல! நான்தான் தெரியாம வெச்சிட்டேன்!"

"கேக்கறதுக்கென்ன, வாய்ல கொழுக்கட்டையா வெச்சிருந்தே?" என்று திட்டிவிட்டு, லட்சுமம்மா இரண்டு முழம் பூ கொடுத்தாள்.

அதற்குள் கோயில் பக்கம் மேளம் ஓய்ந்துவிட்டது. சந்தியா யசோதா வீட்டுப் படியில் உட்கார்ந்து கதவைப் பார்த்துச் சொன்னாள்: "கோலாட்டம் முடிஞ்சிபோச்சுடி. என்னாலதான். கேட்டிருக்கணும் நான்."

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. யசோதா மறுபடியும் முழுக்கைச் சட்டையில் இருந்தாள். அதைப் பார்த்தபோதுதான் சந்தியாவுக்கு ரொம்ப வலித்தது.

"உன் கோல் எங்க?" என்றாள் யசோதா.

சந்தியா ஓடிப்போய் எடுத்து வந்தாள். இருவரும் பூவைப் பங்கிட்டு வைத்துக்கொண்டு, தெருவிளக்கின் கீழே ஆடத் தொடங்கினார்கள். லட்சுமம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தாளம் தட்டினாள்.

நல்ல புழுக்கம். யசோதாவுக்கு வியர்த்துக் கொட்டியது. நின்றாள், சந்தியாவைப் பார்த்தாள். சட்டைக் கைகளை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டுக்கொண்டாள்.

"ம்... ஆடு!"