ராணிக்குத் தெரிந்த கை

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை காலை. கடலூர் மஞ்சக்குப்பத்தில், மருந்துக்கடை மாடியிலிருந்த சவரியம்மாளின் துப்பறியும் அலுவலகத்துக்கு ஒரு பெண் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். ஐந்து மாதக் கர்ப்பம். அழுது வீங்கிய கண்கள். உட்காரச் சொல்வதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"மேடம், எங்க வீட்டுப் பாம்பைக் காணோம்."

இளவரசு நாற்காலியோடு சேர்த்துப் பின்னால் நகர்ந்தான். சவரியம்மாளுக்குக் கார் ஓட்டுவது, விசாரிப்பது, ஆள் பின்னால் போவது எல்லாம் அவன்தான். முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டியவன். கொலைகாரன் வீட்டுக் கதவைத் தட்டச் சொன்னாலும் ஓடிப்போய்த் தட்டுவான். பாம்பு என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் அவனுக்குக் கால் தரையில் நிற்காது.

சவரியம்மாள் போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நிதானமாகத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "முதல்ல குடிம்மா. பாம்பு எங்க காணாமப் போச்சு?"

"சிதம்பரத்துல, எங்க மாமியார் வீட்டுல. என் பேரு மோனிகா. என் வீட்டுக்காரர் சுரேந்தர் ஒரு மலைப்பாம்பு வளக்குறார். வெளிநாட்டு இனம், சின்னது, விஷம் கிடையாது. வனத்துறையில பதிவு பண்ணி முறையாத்தான் வச்சிருக்கோம். பேரு ராணி. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் கடைக்குப் போயிட்டு வந்தேன். டேங்க்ல ராணி இல்ல."

"தானா வெளிய போயிருக்குமோ?" என்றான் இளவரசு. கேட்கும்போதே கால்களை மேலே தூக்கிக்கொண்டான்.

"டேங்க் மூடியில கிளிப் மாட்டுன மாதிரியே இருந்துச்சுங்க. வெளிய போன பாம்பு கிளிப்பைத் திருப்பி மாட்டிட்டா போகும்? அதைத்தான் அவரும் கேக்குறார். நான்தான் எடுத்துட்டேன்றார்."

அந்தச் செவ்வாய்க்கிழமை சுரேந்தருக்கு விடுமுறை. சாப்பிட்டுவிட்டுப் பக்கத்து அறையில் படுத்திருந்தான். முன்பு ஒருமுறை நண்பன் ஒருவன் கையை உள்ளே விட்டபோது ராணி சீறிய சீறல் வாசல் வரை கேட்டதாம். செவ்வாய்க்கிழமை சத்தமே கேட்கவில்லை. அப்படியென்றால் எடுத்தது ராணிக்குத் தெரிந்த கை. ராணி தெரிந்துவைத்திருப்பது இரண்டே பேரை: அவன், அவன் மனைவி. மோனிகா கடைக்குக் கட்டைப்பையோடு போனதைத் தெருவே பார்த்திருக்கிறது. குழந்தை பிறப்பதற்குள் பாம்பை வேறு அறைக்கு மாற்றலாம் என்று அவள் போன மாதம் சொன்னதும் உண்மை. முடிந்தது கதை.

"கடலூர்ல எங்கப்பாவுக்குப் போன் போட்டு, உங்க பொண்ணு ஒரு வாயில்லா ஜீவனைக் கொன்னுட்டா, வந்து கூட்டிட்டுப் போங்கன்னார் மேடம். அப்பா நேத்து வந்து என்னைக் கூட்டிட்டு வந்துட்டார். அங்க எங்கப்பா தலை குனிஞ்சு நின்னார், நான் பார்த்தேன். ராணி கிடைக்கலைன்னா நான் அந்த வீட்டுப் படி ஏற முடியாது. தெருவுல யாரு கண்ணுல பட்டாலும் அடிச்சே கொன்னுடுவாங்க. இந்தக் குளிரும் அதுக்கு ஆகாது. கடைசியா திங்கக்கிழமை சாயந்தரம்தான் எலி தின்னுச்சு. தின்ன பிறகு ரெண்டு நாள் நாங்க தொடவே மாட்டோம். தொட்டா கக்கிடும். அந்த நேரத்துல போய் யாரு தூக்கினாங்களோ!"

சவரியம்மாள் அவளுடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு கொப்புளம்.

"இது என்னம்மா?"

"அடுப்புல பட்டிருக்கும். டேங்க் மூடியைத் துடைச்ச அன்னைக்கு ராத்திரியிலேர்ந்து எரியுது. நான் இருந்த இருப்புல எதையும் கவனிக்கலை."

"வண்டியை எடு இளவரசு" என்றார் சவரியம்மாள்.

போகிற வழியெல்லாம் அவர் முன் இருக்கையில் அமர்ந்து தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் போனில் பேசிக்கொண்டு வந்தார். இளவரசு சாலையைப் பார்த்ததை விடக் காலடியைப் பார்த்ததுதான் ஜாஸ்தி.

சிதம்பரத்து வீட்டில் மோனிகாவின் மாமியார் தில்லையம்மாள் கதவைத் திறந்தார். மருமகளைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு நிமிடம் வெளுத்துப்போனது. பிறகு, "வாம்மா, சாப்டியா?" என்றார். துப்பறிய வந்தவர்கள் என்று தெரிந்ததும் காபி போட்டார், வறுத்த முந்திரி ஒரு தட்டு நிறைய வைத்தார். பயந்த மனுஷிக்கு உபசாரம் கூடிவிடும் போலிருக்கிறது.

"சாப்பிடுங்க. கடையில வாங்குனது இல்ல. என் தம்பி சடையப்பன் காடாம்புலியூர்ல முந்திரி உடைக்கிற கொட்டகை வச்சிருக்கான்."

இளவரசு ஒரு கை அள்ளிக்கொண்டான். பாம்பு இல்லாத வீடு என்று ஒரு பக்கம் தைரியம், இந்த வீட்டிலேயே எங்காவது சுருண்டு கிடந்தால் என்று மறுபக்கம் நடுக்கம். சோபாவின் அடியை மூன்று தரம் குனிந்து பார்த்துவிட்டான்.

கண்ணாடித் தொட்டி உள்ளறையில் இருந்தது. மூடியின் ஓரத்தில், மோனிகா துடைத்தும் போகாத கறுப்புக் கறை. மூன்று விரல் பதிந்த மாதிரி. சவரியம்மாள் குனிந்து முகர்ந்தார். "தொடாத இளவரசு" என்றார். பிறகு உள்ளேயிருந்த தண்ணீர்க் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தார். விளிம்பைச் சுற்றி மஞ்சளாகக் காய்ந்த ஆடை.

"இதுல என்ன ஊத்துவீங்க?"

"தண்ணிதான் மேடம். வேற எதுவும் வைக்க மாட்டோம்." மோனிகா கிண்ணத்தை வாங்கிப் பார்த்துக் குழம்பிப்போனாள். "இது பால் மாதிரி இருக்கே!"

கொல்லைப்பக்கம் போனால் பினாயில் நாற்றம் மூக்கைத் துளைத்தது. பின்வாசல் படி அந்த மழையிலும் பளிச்சென்று இருந்தது. "செவ்வாய்க்கிழமை தெருப் பூனை ஒண்ணு கக்கி வச்சுட்டுப் போச்சு. கழுவிக் கழுவி என் இடுப்பே போச்சு" என்றார் தில்லையம்மாள். யாரும் கேட்காமலே சொன்னார்.

சாக்கடைத் துளையருகே ஏதோ ஒட்டியிருப்பதை இளவரசுதான் பார்த்தான். ஒரு குச்சியால் கிளறினான். "அக்கா, ரோமம். வெள்ளை ரோமம்." சொல்லிவிட்டுக் குச்சியைத் தூர எறிந்தான்.

"நல்லாப் பார்த்தப்பா" என்றார் சவரியம்மாள். அப்படியே கொல்லையின் மறுகோடிக்குப் போய்த் தில்லையம்மாளின் தம்பி நம்பரை மோனிகாவிடம் கேட்டு வாங்கி, சுருக்கமாக ஒரு போன் பேசினார். என்ன பேசினார் என்று இளவரசு கேட்டதற்கு, "மழை பெய்யுது, பாத்து வாங்கன்னேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். இந்த அக்காவிடம் வேலை பார்ப்பதற்குப் பேசாமல் ஆட்டோவே ஓட்டியிருக்கலாம் என்று அவனுக்கு வந்தது.

மாலை நான்கு மணிவாக்கில் சுரேந்தர் வந்தான். செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியில் வேலை. மனைவி ஆளைக் கூட்டி வந்திருக்கிறாள் என்று அம்மா போனில் சொல்லவும், ஷிப்டு முடிந்த கையோடு குளிக்காமல் யூனிபார்மிலேயே பாய்ந்து வந்திருந்தான். அவன் உள்ளே வருவதற்கு முன்பே கம்பெனி ரசாயன வாடை கூடத்துக்கு வந்துவிட்டது.

"போலீஸ் வச்சுப் பாம்பைக் கண்டுபிடிக்கப் போறியா?" என்றான் மோனிகாவைப் பார்த்து. "எங்க விட்டன்னு சொல்லு, நானே போய் எடுத்துக்குறேன்."

"உக்காருங்க தம்பி" என்றார் சவரியம்மாள். "உங்க பொண்டாட்டி எடுக்கலை."

"ராணி சீறலைங்க! அதுக்கு அவ கை தெரியும்."

"வேற யாரு எடுத்தாலும் சீறித்தான் ஆகணுமா? காலையில டாக்டர்கிட்ட கேட்டேன். இந்த இனம் பயந்தா சில நேரம் சீறும், பெரும்பாலும் தலையை உள்ள வச்சுப் பந்து மாதிரி சுருண்டுக்கும். சுருண்ட பாம்பைத் தேங்கா மாதிரி தூக்கிப் பையில போட்டுக்கலாம். சத்தம் வரலைன்றதை வச்சு அதுக்குத் தெரிஞ்ச ஆளுன்னு சொல்ல முடியாது. தெரியாத ஆளுன்னும் சொல்ல முடியாது."

சுரேந்தர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எலி போட்டு எத்தனை நாள் நீங்க தொட மாட்டீங்க?"

"ரெண்டு நாள். தொட்டா கக்கிடும்."

"என்ன எலி?"

"வெள்ளை எலி. கடலூர்லேர்ந்து ஐஸ்ல வச்சு வரும்."

"திங்கக்கிழமை போட்டீங்க. செவ்வாய்க்கிழமை தூக்கியிருக்காங்க. பின்வாசல் படி வரைக்கும் போறதுக்குள்ள பாவம், கக்கிடுச்சு. பூனை கக்குனதுன்னு கழுவியாச்சு. ஆனா சாக்கடை வாயில வெள்ளை ரோமம் ஒட்டியிருக்கு. தெருப் பூனைக்கு வெள்ளை எலி எங்க கிடைக்கும் தம்பி? ராணியை எடுத்தவங்களுக்கு இந்த ரெண்டு நாள் பழக்கம் தெரியாது. இந்த வீட்டுல அது தெரிஞ்ச ரெண்டே பேரு நீங்களும் மோனிகாவும்."

தில்லையம்மாள் முந்தானையைச் சுருட்டுவதையும் பிரிப்பதையும் இளவரசு அப்போதுதான் பார்த்தான்.

"அப்போ யாருங்க?" என்றான் சுரேந்தர். குரலில் பாதி வேகம் போயிருந்தது.

"மூடியில கறுப்பா விரல் கறை. சோப்புக்குப் போகலை. அதைத் துடைச்ச பொண்ணுக்கு விரல்ல கொப்புளம் வந்திருக்கு. முந்திரி ஓட்டுல இருக்குற எண்ணெய்க்குத்தான் இந்தக் கறுப்பும் இந்த எரிச்சலும். முந்திரிக் கொட்டகையில கை வச்சுட்டு நேரா வந்த ஆளு மூடியைத் திறந்திருக்காரு. அவருக்குப் பின்கதவைத் திறந்துவிட்டவங்க, போற பாம்பு பசியோட போகக் கூடாதுன்னு கிண்ணத்துல பால் ஊத்தியிருக்காங்க. பாம்பை வெறுக்குறவங்க பால் ஊத்த மாட்டாங்க. பயந்து கும்பிடுறவங்கதான் ஊத்துவாங்க." சவரியம்மாள் திரும்பினார். "சரியாம்மா?"

தில்லையம்மாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வயித்துப் புள்ளக்காரி இருக்குற வீட்டுல பாம்பைப் பூட்டி வச்சா, பொறக்குற புள்ளைக்கு நாக தோஷம்னாங்க. எனக்குத் தூக்கமே இல்ல. கொல்லவும் கூடாது. தம்பியை வரச் சொல்லி, அவன் தோப்புப் புத்துல வெள்ளிக்கிழமை பூசை பண்ணி விட்டுடுன்னேன். இவன் இந்தப் புள்ளை மேல பழி போடுவான்னு நான் நெனைக்கலை. அப்புறம் இவன் கோவத்தைப் பாத்து வாயே வரலை."

அந்த நேரம் பார்த்து வாசலில் பைக் வந்து நின்றது. சடையப்பன் நனைந்து தொப்பலாக உள்ளே வந்தார். சட்டைக்குள்ளிருந்து, வேட்டித் துணியில் சுற்றிய ஒரு மூட்டையை இரண்டு கைகளாலும் வெளியே எடுத்தார். விரல் நுனியெல்லாம் கறுப்பு.

"குளுருல செத்துச்சுன்னா பாவம் உங்க தலையிலன்னு இந்த அம்மா போன்ல சொன்னதும் உயிரே போயிடுச்சு மாப்ளே. வழி பூரா நெஞ்சோட அணைச்சுட்டு வரேன். மூச்சு இருக்கான்னு பாரு."

துணியைப் பிரித்தார்கள். பழுப்பும் கறுப்புமாக ஒரு பந்து, அசைவே இல்லாமல். இளவரசு சோபா மேல் ஏறிவிட்டான். ஆனால் பார்வையை எடுக்க முடியவில்லை. செத்துத் தொலைச்சிடாத, அந்தப் பொண்ணுக்காகவாவது செத்துத் தொலைச்சிடாத என்று அவன் மனசுக்குள் கெஞ்சினான். வாழ்நாளில் ஒரு பாம்புக்காக அவன் சாமி கும்பிட்டது அதுதான் முதல் தடவை.

"ராணி" என்று சுரேந்தர் மண்டியிட்டுக் கையை நீட்டினான். "ராணி, நான்தான்."

பந்தின் இடுக்கிலிருந்து நாக்கு ஒரு முறை வெளியே வந்தது. உயிர் இருக்கிறது! அடுத்த நொடி அது தலையை இன்னும் உள்ளே இழுத்து இறுக்கிக்கொண்டது. அவன் தொட்டான், மேலும் இறுகியது. சுரேந்தரின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏன் இப்படிப் பண்ணுது? என்னைத் தெரியலையா?"

"முகம் பாத்துத் தெரிஞ்சுக்காதாம் தம்பி" என்றார் சவரியம்மாள். "வாடையை வச்சுப் பழகுன கை எது, பழகாத கை எதுன்னு கொஞ்சம் பிரிச்சுப் பாக்கும்போல. அதுக்கு மேல பாசம் இருக்கா இல்லையான்னு டாக்டருக்கே தெரியலை."

மோனிகா எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். தொட்டியின் ஹீட்டரைப் போட்டாள். கணவனைத் தாண்டிக் குனிந்து, ராணியை அடியில் கை கொடுத்துத் தூக்கிப்போய் உள்ளே வைத்து மூடினாள். அது அவள் கையிலும் சுருண்டேதான் கிடந்தது. அவள் அதை எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை.

"கம்பெனி வாடையோட தொடுறீங்க. குளிச்சிட்டு நாளைக்குப் பாருங்க" என்றாள். பிறகு நிமிர்ந்தாள். "அதுக்கு வாடை மாறுனதும் உங்களைத் தெரியலை. உங்களுக்கு என்கிட்ட என்ன மாறுச்சுன்னு என்னைத் தெரியாமப் போச்சு?"

"தப்புதான் மோனி. இங்கயே இரு" என்று முனகினான் சுரேந்தர்.

"இருக்க மாட்டேன். எங்கப்பாவைத் தலைகுனிய வச்சீங்க. ஞாயித்துக்கிழமை வந்து அவரு முன்னாடி, உங்க பொண்ணைப் பத்தி நான் சொன்னது தப்புன்னு சொல்லுங்க. அப்புறம் நானே வரேன்." மாமியாரிடம் திரும்பினாள். கோபத்தை விட வலிதான் குரலில் ஜாஸ்தி. "அத்தை, நான் அழுததைப் பாத்துக்கிட்டே எனக்கு எப்படிச் சோறு போட்டீங்க?"

தில்லையம்மாள் எழுந்து உள்ளே போனார்.

மழை வலுத்திருந்தது. இளவரசு காரை வாசலுக்குக் கொண்டுவந்தான். சவரியம்மாள் முன்னால் ஏறினார். மோனிகா பின் இருக்கையில் ஏறிக் கதவை இழுக்கும்போது மறுபக்கக் கதவு திறந்தது. மாற்றுப் புடவை ஒன்றைத் துணிப்பையில் சுருட்டிக்கொண்டு தில்லையம்மாள் நனைந்தபடி நின்றார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் உங்கப்பா எதுக்குத் தலைகுனிஞ்சு இருக்கணும்?" என்றார். "அவன் வந்து சொல்றது அவன் பாடு. செஞ்சது நான்தான்னு இன்னைக்கே நான் சொல்லிடுறேன். தள்ளி உக்காரும்மா."

மோனிகா தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் விட்டாள்.