கன்னியப்பனின் கோப்பு

உலகத்தில் பேய் என்று ஒன்று கிடையாது. அப்டேட் செய்யாத பிரவுசர்தான் உண்டு. கம்ப்யூட்டர் சரிசெய்யப் பாகாயத்திலிருந்து பஸ் ஏறி வந்த கார்முகிலன், ஆம்பூர் தோல் தொழிற்சாலையின் அலுவலகத்தில் நின்று இதை அறிவித்தான்.

"பிரவுசர்ல ஓட்டை சார். எந்த வெப்சைட்டும் உள்ள கைய உட்டு உங்க ஃபைல எடுத்துப் பாக்கலாம். மத்தியானத்துக்குள்ள அடைச்சிட்றேன்."

மேனேஜர் அரங்கநாதன் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு விசாரணை தம்பி. எதுவும் வெளிய தெரியக்கூடாது."

மூன்று நாளாக, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரே கடிதம்தான் வருகிறதாம். கிளார்க் பிரிசில்லா மானிட்டரை மூன்று முறை தட்டி, "கன்னியப்பண்ணே, நான்தான்" என்று முணுமுணுத்த பிறகே சுவிட்சைப் போட்டாள்.

"இன்னாக்கா, உள்ள குடித்தனம் இருக்காங்களா?"

"சிரி. அவரு கழிவுத் தொட்டிக்குள்ள செத்ததுலேர்ந்து அந்த மூடியக்கூட இப்டித் தட்டிட்டுத்தான் தொறக்குறாங்க."

திரையில் கடிதம் வந்தது. 'கழிவுத் தொட்டியில் விஷவாயு அடிக்கிறது. முகமூடி இல்லாமல் இறங்க மாட்டேன். கன்னியப்பன்.' அவன் செத்ததற்கு இரண்டு நாள் முந்தைய தேதி.

பிரிசில்லா குரலைத் தாழ்த்தினாள். "அவரு சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடிச்சேன். இப்ப லெட்டரே வர்லன்றாங்க. நாளைக்கு விசாரணைல, குடிச்சிட்டுத் தானா விழுந்தான்னு எழுதப் போறாங்க. அவரு சம்சாரம் முனியம்மா கேட்டாண்டயே உக்காந்திருக்கு. இத உட்டா அதுக்கு வேற சாட்சி இல்ல."

"ஃபைல் எங்க வெச்சிருக்கீங்க?"

"அழிச்சிட்டேன். மேனேஜருதான் அழிக்கச் சொன்னாரு."

கார்முகிலன் தேடினான். ஃபோல்டர் காலி. கணினியின் குப்பைத்தொட்டியும் காலி. இருக்கிற கோப்பைத்தான் ஓட்டை காட்டும். இல்லாததை எப்படிக் காட்டும்?

நான்கு கணினிகளிலும் அப்டேட் போட்டான். ஓட்டை அடைபட்டதைச் சோதித்தான். பிறகு பிரவுசரைத் திறந்தான்.

கழிவுத் தொட்டியின் அழுகிய முட்டை நாற்றம் அறையெங்கும் பரவியது.

கடிதம் வந்தது.

அதன் அடியில், காலையில் இல்லாத ஒரு வரி: 'முகமூடி இன்னும் வரவில்லை.'

"இன்னும் அடைக்கலியா?" அரங்கநாதன் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

கார்முகிலனுக்குப் பயத்தை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. "பிரவுசர் ஓட்டைய அடைச்சாச்சு சார். இது நீங்க போட்ட ஓட்டை."

அரங்கநாதன் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார்.

திரை அணையவில்லை.

திரையைப் பார்த்தபடியே பின்வாங்கி வெளியே போனார். பிரிசில்லா முனியம்மாவைக் கூட்டிவர கேட்டுக்கு ஓடினாள்.

கார்முகிலன் தனியாக நின்றான். வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டான். விரலை மடக்கி மானிட்டரை மெதுவாகத் தட்டினான்.

ஒன்று. இரண்டு. மூன்று.

"கன்னியப்பண்ணே... நான்தான்."

மூலையில் பிரிண்டர் ஓடத் தொடங்கியது. காகிதத்தைக் கையில் எடுத்தான். அதே கடிதம். ஆனால் திரையில் கடைசி வரிக்குக் கீழே வெறுமையாக இருந்த இடத்தில், காகிதத்தில் ஒரு கைநாட்டு இருந்தது.

கறுப்பு மட்டுமே அடிக்கும் பிரிண்டர் அது. கைநாட்டு நீலமாக இருந்தது. தொட்டதும் அவன் விரலில் ஒட்டியது.