பேசாத கட்டம்

அப்பாவின் பேஸ் கிட்டார் ஒரு மாதமாகச் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தது.

வகுப்பில் தப்புச் செய்த பிள்ளையை நிற்க வைப்பார்களே, அப்படி. ஆனால் கிட்டார் எந்தத் தப்பும் செய்யவில்லை. அது சோதமுக்குத் தெரியும்.

சோதமுக்குப் பதினொரு வயது. அவளுடைய அப்பா கிசோக் பகலில் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பார். சனி, ஞாயிறுகளில் தங்கள் ஊரான புப்யோங்கின் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சின்ன கிளப் ஒன்றில், அடிக்குரலில் பேசும் அந்த பேஸை வாசிப்பார். பனிக்காலம் தொடங்கிய வாரத்தில், வாசல் படியில் உறைந்திருந்த பனியில் வழுக்கி விழுந்தார். இடது கையில் இரண்டு விரல்கள் முறிந்தன. எலும்பு கூடிவிட்டது. ஆனால் அந்த இரண்டு விரல்களும் மடங்கவில்லை.

"இனிமே மடங்காது" என்று டாக்டர் சொன்ன அன்றுதான் அப்பா கிட்டாரைத் திருப்பி வைத்தார். அன்றிலிருந்து வீட்டில் பேச்சும் குறைந்துபோனது.

முன்பெல்லாம் அப்பா வாசிக்கும்போது சோதம், கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப் பெட்டியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். சத்தம் காதுக்கு வருவதற்குள் முதுகுக்கு வந்துவிடும். பெரிய பூனை ஒன்றின் மேல் சாய்ந்துகொண்ட மாதிரி இருக்கும். இப்போது அந்தப் பெட்டி சும்மா ஒரு பெட்டி. சாய்ந்தால் சில்லென்று இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் நண்பர் மான்ஹோ மாமா வந்தார். அவரும் பேஸ் வாசிப்பவர். ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழங்களைத் தரையில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்ற கிட்டாரைத் தன் பக்கம் திருப்பினார்.

"டேய் கிசோக், இதுக்குக் கம்பி மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஒம்பது."

"ஒம்பதுதானா? என்னோடது பதினொண்ணு!" மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "புதுக் கம்பின்னா தகரத்தைத் தட்டின மாதிரி கேக்கும். பழைய கம்பிதான் சோயாக் குழம்பு. கொதிக்கக் கொதிக்க ருசி."

"உன் கம்பியில குழம்பு வாசனையே வருதே, மாமா" என்றாள் சோதம்.

மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

"இதை வித்துடப் போறேன்" என்றார் அப்பா. "கண்ணு முன்னாடி நிக்குது. முடியலடா."

மாமா பாதி உரித்த பழத்தைக் கீழே வைத்தார். "அப்ப நானே எடுத்துக்கறேன்."

"உன் வீட்டுல ஏற்கெனவே நாலு இருக்கு. அஞ்சாவதா இதையும் கட்டிலுக்கடியில படுக்க வைப்ப. பாவம் பாத்து வாங்காதே. இது வேணும்னு யாராவது வரட்டும்."

செல்பேசியில், அக்கம்பக்கத்தார் பழைய பொருள் விற்கும் செயலியில் சோதம்தான் விளம்பரம் போட்டாள். அப்பா சொல்லச் சொல்லத் தட்டினாள். 'நல்ல நிலையில் உள்ளது' என்று முடித்ததும் அவள் விரல் நின்றது.

"பேசாத கட்டத்தைப் பத்தி எழுதலையாப்பா?"

அந்தக் கிட்டாருக்கு ஒரு குறை உண்டு. கழுத்தில் குறுக்குக் கோடுகளுக்கு நடுவே வரிசையாக இருக்கும் கட்டங்களில், மெல்லிய கம்பியில் ஐந்தாவது கட்டத்தில் விரலை வைத்தால் மட்டும் சத்தம் நீளாது. மற்ற இடங்களில் 'தூம்ம்ம்' என்று நீளும். அங்கே மட்டும் 'தும்' என்று செத்துவிடும். யாராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

"எந்த பேஸ்லதான் அது இல்ல?" என்றார் மாமா.

"நேர்ல சொல்லணும்" என்றார் அப்பா. "எழுதினா வரவே மாட்டாங்க. முதல்ல வாசிச்சுப் பாக்கட்டும். பணத்தை வாங்கறதுக்கு முன்னாடி குறையைச் சொல்லிடணும். அதான் முறை."

சோதம் தலையாட்டினாள். ஆனால் அவளுக்குள் வேறொரு கணக்கு ஓடியது. கிட்டார் வீட்டில் இருக்கும்வரை, என்றாவது ஒருநாள் அப்பா அதை எடுப்பார். அது போய்விட்டால் அந்த 'என்றாவது'ம் போய்விடும். யாரும் வாங்காமல் இருந்தால் போதும்.

செவ்வாய்க்கிழமை கல்லூரி மாணவன் ஒருவன் வந்தான். அப்பா அவனை அறைக்குள் விட்டார்.

"வாசிச்சுப் பாருங்க தம்பி. நான் படிக்கட்டுல இருக்கேன். முடிச்சதும் பொண்ணு கூப்பிடுவா."

வேறொருவர் கையில் அது பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்க அப்பாவால் முடியவில்லை. சோதமுக்குப் புரிந்தது.

மாணவன் கிட்டாரை மடியில் வைக்கும் முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

"அண்ணா, அஞ்சாவது கட்டத்துல சத்தம் செத்துடும். சரி பண்ணவே முடியாதாம்."

அவன் அங்கே மட்டும் நாலு தடவை தட்டிப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். போய்விட்டான்.

சொன்னது உண்மைதானே என்று சோதம் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் அப்பா மேலே ஏறி வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் வந்தார். அவர் பேசாத கட்டத்துக்குப் பயப்படவில்லை. "அதெல்லாம் தெரிஞ்சதுதான், பாப்பா" என்று வாசித்துக்கொண்டே இருந்தார். அவருக்குக் கிட்டார் பிடித்துவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சோதமின் வாய் தானாகத் திறந்தது.

"இது படியில உருண்டு விழுந்திருக்கு."

அவர் கை நின்றது. "விழுந்துச்சா? கழுத்து விரிசல் விட்டிருக்குமே!" அவர் எழுந்து காலணியை மாட்டினார். படிக்கட்டில் அவர் குரல் எதிரொலித்தது.

"என்ன சார், கீழ விழுந்த பொருளை நல்ல நிலைன்னு போட்டிருக்கீங்க? உங்க பொண்ணே சொல்லுது."

அப்பா மேலே வந்தார். சோதம் திட்டுக்குக் காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. கிட்டாரை வலது கையால் எடுத்து, துணியால் மெதுவாகத் துடைத்தார்.

"இது விழலை, சோதம். நான்தான் விழுந்தேன். வழுக்கினப்ப இதை வலது கையால மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டேன். அதனாலதான் இடது கையை ஊன வேண்டியதாப் போச்சு." அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "ஒரு கீறல்கூட இல்ல, பாரு."

சோதம் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. அவளுக்கு அங்கேயே தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை மான்ஹோ மாமா போன் செய்தார். அவர் குரல் எப்போதும் சமையலறை வரை கேட்கும்.

"பழைய வாத்தியக் கடைக்காரர் ஒருத்தர் எடுத்துக்கறேங்கறார்டா. ஆனா முழுசா இல்ல. பிரிச்சு விப்பாராம். திருகு தனி, கழுத்து தனி. எனக்கே மனசு ஆறல."

"திங்கக்கிழமை வரச் சொல்லு" என்றார் அப்பா. "யாருக்கும் வேண்டாத பொருள்தானே."

கிட்டாரைச் சொன்னார். ஆனால் சொல்லும்போது தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, தட்டுகளை எடுத்து வைத்தாள்.

சோதமால் சாப்பிட முடியவில்லை. கிட்டாரை வீட்டிலேயே வைத்துக்கொள்ள நினைத்தாள். அதனால் அது துண்டு துண்டாகப் போகப்போகிறது. அப்பாவோ, யாருக்கும் வேண்டாதது அது மட்டுமில்லை என்று நினைக்க ஆரம்பித்துவிட்டார்.

விளம்பரத்தை அவளே திறந்து பார்த்தாள். ஒரே ஒரு செய்தி வந்திருந்தது. 'சனிக்கிழமை வரலாமா?'

'வாங்க' என்று தட்டினாள்.

வந்தவரைப் பார்த்ததும் சோதம் கண்ணை அகல விரித்தாள். அவள் தினமும் பள்ளிக்குப் போகும் ஆறாம் எண் சிற்றுந்தின் பெண் ஓட்டுநர்! தடித்த கையுறையும் சிவந்த கன்னமுமாக நின்றார்.

"அட, மூணாவது சீட்டுப் பொண்ணு! இறங்கறப்ப கும்பிடு போடுவியே, நீதானே? என் பேரு ஹ்வாசுன்."

அப்பா வழக்கம்போலப் படிக்கட்டுக்குப் போனார். ஹ்வாசுன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"எங்க டிப்போவுல ஒரு பாட்டுக் குழு இருக்கு. ஆளாளுக்கு கிட்டாரு, டிரம்முன்னு எடுத்துக்கிட்டாங்க. மிச்சம் இருந்தது இதுதான். எனக்குத் தள்ளிட்டாங்க."

"உங்களுக்குப் பிடிக்கலையா, அத்தை?"

"முதல்ல பிடிக்கல. யாரும் கவனிக்காத வாத்தியமாச்சே! அப்புறம் பாத்தா, நான் நிறுத்தினா எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "இதோட சத்தம் பஸ் இன்ஜின் மாதிரி. காதுல கேக்கறதுக்கு முன்னாடி இடுப்புல கேக்குது."

சோதம் அவரையே பார்த்தாள். இவருக்கு அது தெரிந்திருக்கிறது.

"முதல்ல வாசிங்க" என்றாள். "அப்புறம் ஒண்ணு சொல்லணும்."

ஹ்வாசுன் வாசித்தார். அப்பா அளவுக்கு இல்லை. மெதுவாக, மேடு பள்ளம் பார்த்துப் போகும் பஸ் மாதிரி. சோதம் பழைய வழக்கப்படி ஆம்ப் பெட்டியில் சாய்ந்துகொண்டாள். பூனை திரும்பி வந்தது. அவள் கண்ணில் நீர் கோத்தது.

மெல்லிய கம்பியில் விரல் வந்தது. 'தும்.'

"அய்யோ! உடைச்சிட்டேனா?"

"இல்ல அத்தை. அது அப்படித்தான். சரி பண்ண முடியாது." அவள் ஆம்ப் பெட்டியிலிருந்து நிமிர்ந்தாள். "அதைத்தான் சொல்லணும்னு நெனச்சேன். இன்னொண்ணு, இது எப்பவும் கீழ விழுந்ததே இல்ல. அப்பா விழவிடல."

ஹ்வாசுன் கழற்றி வைத்திருந்த கையுறைகளைப் பார்த்தார். கிட்டாரைப் பார்த்தார். அவர் எழுந்துவிடுவாரோ என்று சோதமுக்குப் பகீரென்றது.

சட்டென்று அவள் கிட்டார் பெட்டியைத் திறந்து, பக்கப் பையிலிருந்து தடித்த நோட்டு ஒன்றை எடுத்தாள். அப்பாவின் கார்ட் தாள்கள், பாட்டுக்கான சுரக் குறிப்புகள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பாட்டு. சின்னச் சின்னப் பெட்டிகளாகக் கோடு போட்டு, எந்த இடத்தில் எந்தக் கார்ட் என்று ஒவ்வொரு எழுத்தில் குறித்திருந்தார். சில பெட்டிகளுக்கு மேல் சிவப்பில் ஒரு முக்கோணம்.

"இந்த முக்கோணம் எங்க இருக்கோ, அங்க அந்தக் கட்டத்துக்குப் போகக் கூடாது. அதே சத்தம் பக்கத்துக் கம்பியில பத்தாவது கட்டத்துல இருக்கு. பதினஞ்சு வருஷமா அப்பா அப்படித்தான் வாசிச்சாரு. யாருமே கண்டுபிடிச்சதில்ல."

ஹ்வாசுன் நோட்டைத் தொடைமேல் விரித்தார். முக்கோணங்களை விரலால் எண்ணினார். பிறகு பலமாகச் சிரித்தார்.

"ரோட்டைத் தோண்டிப் போட்டா பஸ்ஸையா விப்பாங்க? சுத்திப் போவோம்!"

மறுபடி வாசித்தார். முக்கோணம் வந்தது. விரல் தடுமாறி, தேடி, பக்கத்துக் கம்பிக்குத் தாவியது.

'தூம்ம்ம்.'

கதவருகே ஏதோ அசைந்தது. அப்பா நின்றிருந்தார். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றார். "அந்த மெல்லிய கம்பியில..."

"அஞ்சாவது கட்டம். உங்க பொண்ணு சொல்லிட்டா."

அப்பா சோதமைப் பார்த்தார்.

"அது விழலைன்னும் சொல்லிட்டேன்பா" என்றாள். 

அப்பா அவள் தலையில் கை வைத்தார். இடது கை. மடங்காத விரல்கள் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தன. அவர் கையை எடுக்கவில்லை.

ஹ்வாசுன் பணம் கொடுத்த பிறகு, கிட்டாரையும் நோட்டையும் பெட்டிக்குள் வைக்க அப்பாவுக்கு வெகுநேரம் ஆனது. ஆம்ப் பெட்டியும் கூடவே போனது. மூலையில் தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் மிஞ்சியது. அன்று மாலை சோதம் அந்த வெற்றுச் சுவரில் முதுகைச் சாய்த்து அழுதாள். அப்பாவும் வந்து பக்கத்தில் சாய்ந்துகொண்டார். சுவர் இருவருக்குமே சில்லென்றுதான் இருந்தது.

திங்கட்கிழமை காலை, கைப்பயிற்சிக்காக மருத்துவமனைக்குப் போக அப்பாவும் அவளோடு ஆறாம் எண் சிற்றுந்தில் ஏறினார். வெளியே வானம் சாம்பல் நிறம். தெருவோரத்தில் அழுக்குப் பனி.

சந்தை முனையில் குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டியிருந்தார்கள். குழிக்கு முன்னால் சிவப்பு முக்கோணப் பலகை ஒன்று நின்றது.

ஹ்வாசுன் கண்ணாடி வழியாக அவர்களைப் பார்த்தார். "நோட்டுல ஒம்பது பாட்டு முடிச்சாச்சு சார்!" என்று கத்திக்கொண்டே பஸ்ஸைப் பக்கத்துத் தெருவில் திருப்பினார்.

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் சத்தம் இருக்கை வழியாக ஏறி இருவர் முதுகிலும் அதிர்ந்தது.

சோதம் குனிந்து பார்த்தாள். முன் இருக்கைக் கம்பியைப் பிடித்திருந்த அப்பாவின் இடது கையில் மூன்று விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. மற்ற இரண்டும் பேசாமல் உடன் இருந்தன.