அமாவாசைக் கச்சேரி

ஒரே ஒரு கச்சேரிக்கு ஐயாயிரம் ரூபாய்!

இந்தச் செய்தி பிள்ளையார்பாளையத்துப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த அன்று, ஐந்தாம் வகுப்பில் யாருக்கும் பாடம் மண்டையில் ஏறவில்லை.

"ஐயாயிரத்துக்கு எத்தினி குச்சி ஐஸ் வரும்?" என்று கேட்டாள் சம்பூர்ணம்.

பக்கத்தில் இருந்த ஏலவார்குழலி கண்ணை மூடி யோசித்தாள். "நம்ம தெருவே வருசம் பூரா தின்னாலும் தீராது. அதுக்குள்ள உருகிப் பூடும்."

"அப்போ நானும் பாட்டுக்காரி ஆயிடறேன்" என்று சொல்லி, சம்பூர்ணம் அங்கேயே வாயைத் திறந்து ஒரு பாட்டை எடுத்து விட்டாள்.

அடுத்த வகுப்பு வாத்தியார் மூச்சிரைக்க ஓடி வந்தார். "யாருக்கு அடிபட்டது?"

ஐயாயிரம் வாங்கும் அந்தப் பாடகியின் பெயர் நீலாம்பாள். டீக்கடை ரேடியோவில் அவர் குரல் வந்தால் போதும், டீ குடிக்க வந்தவர்கள் ஆறிப்போன டீயோடு நிற்பார்கள். வாத்தியங்களைச் சொந்த வேனில் ஏற்றிக்கொண்டு அவர் ஊர் ஊராகப் போய்ப் பாடுவார். வேலூர் ஆகட்டும், பெங்களூர் ஆகட்டும், டிக்கெட் கிடைக்காமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம். ஊர் சுற்றிப் பாடுகிறவர்களில் இவர் அளவுக்கு வசூல் செய்கிறவர் வேறு யாரும் இல்லை என்று பத்திரிகையில்கூடப் போட்டிருந்தார்கள்.

அப்பேர்ப்பட்ட நீலாம்பாள் காஞ்சிபுரத்துக்கு வரப்போகிறார். எதற்காக? இவர்கள் பள்ளிக்கூடத்துக் கூரைக்காக!

அந்தக் கூரையின் லட்சணத்தைச் சொல்லி மாளாது. வெளியே தூறினால் உள்ளே கொட்டும். பிள்ளைகள் சிலேட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்காருவார்கள். மழை வலுத்தால் அன்றைக்கு லீவுதான். அதனால் தலைமையாசிரியர் ஆதிகேசவன் சார் துணிந்து ஒரு டிக்கெட் கச்சேரிக்கு ஏற்பாடு செய்துவிட்டார். வசூலில் நீலாம்பாளின் சம்பளம் போக மிச்சம் முழுவதும் பள்ளிக்கூடத்துக்கு. ஆனால் வசூல் குறைந்துவிட்டால்? கூரையும் வராது, சாரின் கைக்காசும் போய்விடும்.

கச்சேரி வருகிற ஞாயிற்றுக்கிழமை. டிக்கெட் விற்பது பிள்ளைகளின் வேலை. குழலியும் சம்பூர்ணமும் நெசவாளர் தெருவுக்குப் புறப்பட்டார்கள்.

முதல் வீடு பூவம்மாள் வீடு. அவர் ராட்டினத்தில் பட்டு நூலைச் சுற்றிக்கொண்டே நீலாம்பாள் பாட்டைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, கச்சேரிக்கு டிக்கெட்!"

"ஐயோ, எனக்கு உசுராச்சே அந்தக் குரலு! என்னிக்கும்மா?"

"ஞாயித்துக்கிழமை."

பூவம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. "ஞாயித்துக்கிழமையா? ஆவணி மாசம் கல்யாணப் புடவைங்க வரிசையா நிக்குது. தறி இருக்குதேம்மா."

அடுத்த வீட்டிலும் அதே கதை. அதற்கு அடுத்த வீட்டிலும் அதேதான். "தறி இருக்குதே" என்று கேட்டுக் கேட்டுச் சம்பூர்ணத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் ஆதிகேசவன் சார் மிச்சம் இருந்த டிக்கெட் கட்டைப் பார்த்தார். அது கொஞ்சமும் இளைக்கவில்லை. சார்தான் இளைத்துப் போயிருந்தார்.

"டிக்கெட் விலை அதிகமோ? பாதியாகக் குறைத்துவிடலாமா?" என்று தமக்குள் பேசிக்கொண்டார்.

குழலிக்கு அது சரியாகப் படவில்லை. விலையைக் கேட்டு யாருமே முகம் சுளிக்கவில்லையே! கிழமையைக் கேட்டுத்தானே சுளித்தார்கள்? அன்று மாலை அவள் மறுபடியும் தெருவுக்குப் போனாள். இந்தத் தடவை டிக்கெட்டை நீட்டவில்லை.

"அத்தை, வேற நாளு வெச்சா வருவீங்களா?"

"அமாவாசையன்னிக்கு வெக்கச் சொல்லு. மொத ஆளா வந்து குந்திக்குவேன்!" என்றார் பூவம்மாள்.

குழலி தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள். அட, ஆமாம்! ஆபீசுக்குப் போகிறவர்களுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை லீவு. தறிக்கு அமாவாசைதான் லீவு. அன்று மட்டும்தான் தெருவில் தறிச் சத்தமே கேட்காது. தறியைத் துடைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு, எல்லோரும் தலைக்குக் குளித்துப் பொழுதோடு வெளியே கிளம்புவார்கள். வருகிற அமாவாசை புதன்கிழமை வருகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்றே நாள் தள்ளி!

"இத்த ஏன் அத்தை யாருமே சார் கிட்ட சொல்லல?"

"நல்லா இருக்குதே! அம்மாம்பெரிய பாட்டுக்காரம்மா, நமக்கோசரம் தேதிய மாத்துவாங்களா? கேக்கிறதே மரியாதை இல்லியே."

குழலி சாரிடம் ஓடினாள். அவர் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"அடடா, இது தெரியாமல் போச்சே! ஆனால் குழலி, அச்சடித்த தேதியை மாற்றச் சொல்லி அவரிடம் நான் எந்த முகத்தோடு கேட்பேன்?"

சாருக்கும் மரியாதை, தெருவுக்கும் மரியாதை. இப்படியே ஆளாளுக்கு மரியாதை பார்த்துக்கொண்டிருந்தால் கூரை எப்படி வரும்? குழலிக்குக் கோபம் கோபமாக வந்தது.

வீட்டிலும் நிலைமை சரியில்லை. அவள் அப்பா கலியாணசுந்தரமும் அம்மா காமாட்சியம்மாளும் விளக்கு வைத்த பிறகும் தறியில் இருந்தார்கள். தறியில் ஒரு பட்டுப்புடவை. மயில்கழுத்து நிறத்தில் உடல், அரக்கு நிறத்தில் கரை. இரண்டு நிறத்தையும் கோத்து நெய்ய இரண்டு பேர் வேண்டும். அப்பா ஒரு பக்கம் ஊடு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ள, அம்மா மறுபக்கம் கரைக்கான நாடாவை வாங்கித் திருப்பினார். நாடா ஓட ஓட, அப்பா வாயில் நீலாம்பாள் பாட்டும் ஓடியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் புடவையே நீலாம்பாளுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை மேடையில் கட்டிக்கொள்ள அவர் சொல்லிவிட்ட புடவை!

"நீங்க ரெண்டு பேரும் கச்சேரிக்கு வருவீங்கதானேப்பா?"

"எங்கம்மா! அன்னிக்கு மத்தியானம் இத்த அறுத்துக் குடுத்த கையோட, செட்டியார் வீட்டுக் கல்யாணப் புடவைக்குக் குந்தணும். காத்து இந்தப் பக்கம் அடிச்சா, மைக்கு சத்தம் கேக்கும். அது போதும்" என்று சிரித்தார் அப்பா.

குழலி சிரிக்கவில்லை. நாளெல்லாம் அந்தப் பாட்டையே பாடுகிறவர், காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று காத்துக்கொண்டிருக்க வேண்டுமா?

வியாழக்கிழமை சாயங்காலம் தெருவில் ஒரு கார் வந்து நின்றது. வேலூரில் பாடிவிட்டு மெட்ராஸுக்குத் திரும்பும் வழியில், காமாட்சி அம்மனைக் கும்பிட்டுவிட்டுப் புடவையையும் ஒரு பார்வை பார்க்க நீலாம்பாளே வந்துவிட்டார்! கூடவே அவருடைய மேனேஜர் சிட்டிபாபு. கக்கத்தில் ஒரு டைரியை இடுக்கிக்கொண்டு, யாரையோ விரட்டுகிற மாதிரியே நடக்கிற ஆள்.

நீலாம்பாள் தறிப்பக்கம் குனிந்து பட்டைத் தொட்டுப் பார்த்தார். "என்ன அழகு! கண்ணை எடுக்கவே மனசு வரலை. ஞாயித்துக்கிழமை கச்சேரிக்கு நீங்க குடும்பத்தோட வந்து முன்னாடி உட்காரணும்."

அப்பா தலையைச் சொறிந்தார். "வரணும்னு ஆசைதாம்மா..."

"அவரு வரமாட்டாருங்க!" என்றாள் குழலி.

"குழலி! சும்மா இரு!" அம்மா பல்லைக் கடித்தார்.

"இருங்க, குழந்தை பேசட்டும். ஏம்மா, என் பாட்டு உங்கப்பாவுக்குப் பிடிக்காதா?"

"பிடிக்குமே! எந்நேரமும் அதான் பாடிக்கினு இருப்பாரு. ஆனா ஞாயித்துக்கிழமை தறி ஓடும். எங்க தெருவுல யாருமே வரமுடியாதுங்க. டிக்கெட்டே போவல. அமாவாசைக்குத்தான் எங்களுக்கு லீவு. அன்னிக்கு வெச்சா எல்லாரும் வருவாங்க. அப்பத்தான் எங்க பள்ளிக்கூடத்துக்குக் கூரையும் வரும்!"

மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டுக் குழலி அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

சிட்டிபாபு விழுந்து விழுந்து சிரித்தார். "அமாவாசையில கச்சேரியா? ஈ காக்கா வராது! இந்தத் தொழில்ல எனக்குத் தெரியாததா?"

அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஞாயித்துக்கிழமைதான் ஈ காக்கா வராது சார்."

நீலாம்பாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "சிட்டிபாபு, புதன்கிழமை நமக்கு எங்கே கச்சேரி?"

சிட்டிபாபு டைரியைப் புரட்டினார். "எங்கேயும் இல்லம்மா. அமாவாசைக்கு நம்மள யாரு கூப்பிடுவாங்க? கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது. மாசம் பொறந்தா அந்த ஒரு நாள் மட்டும் வசூல் சுத்தமா பூஜ்யம்."

"ஞாயித்துக்கிழமைக்கு?"

"அதுக்கென்னம்மா, ஆர்க்காட்டுக்காரர் அந்த நாளைக் கேட்டு டெய்லி தந்தி அடிச்சிக்கினு..." என்று சொல்லிக்கொண்டே வந்த சிட்டிபாபு, சட்டென்று வாயை மூடினார். டைரியைப் பார்த்தார். குழலியைப் பார்த்தார். மறுபடி டைரியைப் பார்த்தார்.

"ஞாயிறு ஆர்க்காடு. புதன் காஞ்சிபுரம்" என்று நீலாம்பாளே முடித்துவிட்டார். "சும்மா கிடக்கிற நாளை இந்தக் குழந்தை கொண்டுவந்து கையில குடுக்குது. வாங்கிக்க வேண்டியதுதானே?"

அப்புறம் கேட்க வேண்டுமா! வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தாம் வகுப்பே தெருவில் இறங்கியது. சுவரொட்டிகளில் ஞாயிறு என்று இருந்த இடத்தில் 'அமாவாசை' என்று எழுதிய சீட்டை ஒட்டினார்கள். ஒட்டிக்கொண்டே போனபோதுதான், பின்னால் ஒரு கன்றுக்குட்டி பசையை நக்கிக்கொண்டே வருவதைச் சம்பூர்ணம் பார்த்தாள். கன்றுக்குட்டியைத் துரத்திவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து ஒட்டினார்கள்.

டிக்கெட் போன வேகத்தைச் சொல்லவா? பூவம்மாள் குடும்பத்துக்கு மட்டும் ஏழு!

அமாவாசை அன்று தெருவில் ஒரு தறிச் சத்தம் இல்லை. பொழுது சாய்வதற்குள் மைதானம் நிரம்பிவிட்டது. நாற்காலி தீர்ந்து, பெஞ்சு தீர்ந்து, தரை டிக்கெட்டும் தீர்ந்தது. வாசலில் நின்ற சிட்டிபாபுவின் சட்டை பிழிந்தெடுக்கிற அளவுக்கு நனைந்திருந்தது. ஆனாலும் வாய் கொள்ளாத சிரிப்பு. "இந்த வருசம் சுத்தின ஊர்லயே இதான்யா பெரிய வசூல்!" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார்.

மயில்கழுத்துப் புடவையில் நீலாம்பாள் மேடை ஏறினார். முதல் வரிசையில் குழலியின் அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு தொடங்கியதும் அப்பா தன்னை மறந்து கூடவே பாட ஆரம்பித்துவிட்டார். அம்மா முழங்கையால் இடித்தார். அப்பா நிறுத்தவில்லை. நீலாம்பாள் அதைப் பார்த்துவிட்டு, அப்பாவுக்குப் பிடித்த பாட்டை இரண்டாம் தடவையும் பாடினார். இருட்டில் அப்பாவின் கண் பளபளத்தது. குழலிக்கு அன்று வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

கச்சேரி முடிந்து வேன் கிளம்பும்போது சிட்டிபாபு டைரியும் பென்சிலுமாகக் குழலியைத் தேடி வந்தார்.

"பாப்பா, ஆரணியில தறிக்கு என்னிக்கும்மா லீவு?"

"எங்க சித்தி வூடு அங்கதான் சார். அவங்களுக்கும் அமாவாசைதான்!"

சிட்டிபாபு டைரியில் அடுத்த அமாவாசைப் பக்கத்தைத் திருப்பிக் கொட்டை எழுத்தில் 'ஆரணி' என்று எழுதிக்கொண்டார்.

ஐப்பசி வந்தது. பள்ளிக்கூடத்தின் மேல் புத்தம் புது ஓட்டுக் கூரையும் வந்திருந்தது. ஒரு நாள் காலையில் மழை வெளுத்து வாங்கியது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பழக்க தோஷத்தில் சிலேட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேலே பார்த்தார்கள். ஒரு சொட்டு விழவில்லை.

ஆதிகேசவன் சார் பெருமையோடு உள்ளே வந்தார். "பார்த்தீர்களா! இனிமேல் மழைக்கு லீவே விட வேண்டாம். எடுங்கள் கணக்குப் புத்தகத்தை!"

வகுப்பு முழுவதும் திரும்பிக் குழலியை முறைத்தது.

"ஏண்டி, நீ வாய மூடிக்கினு இருந்திருக்கக் கூடாதா?" என்று கிசுகிசுத்தாள் சம்பூர்ணம்.

குழலிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சிரிக்க, சம்பூர்ணமும் சிரித்துவிட்டாள். ஓட்டின் மேல் மழை தாளம் போட்டது. அவ்வளவு நல்ல தாளத்தைச் சும்மா விட மனசில்லாமல், சம்பூர்ணம் வாயைத் திறந்து நீலாம்பாள் பாட்டு ஒன்றை எடுத்து விட்டாள்.

அடுத்த வகுப்பு வாத்தியார் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"யாருக்கு அடிபட்டது?"