குடிதண்ணீர் உள்ள வீடு

பள்ளிக்கரணையில் சதுப்பு நிலத்தைப் பார்த்தபடி நின்ற அந்த அடுக்குமாடியில், பல மாதங்களாகப் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டுக்குள் தினகரன் நுழைந்தபோது, பெயிண்ட் நெடியையும் சிமென்ட் தூசியையும் தாண்டி அவர் மூக்கில் ஏறியது ஈர வாசனைதான். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சிங்க் நனைந்திருந்தது. மேடையின் விளிம்பில், யாரோ கையை ஊன்றிக் குனிந்து குடித்ததுபோல ஐந்து விரலும் பதிந்த ஈரம் இருந்தது.

"யாராவது வந்துட்டுப் போனாங்களா ஜெயவேலு?"

"இன்னா சார், சாவி எங்கைலதான கீது" என்றான் புரோக்கர் ஜெயவேலு. "மோட்டாருக்கே இன்னும் கரண்ட் குடுக்கல. மேல டேங்க்கு காலி. பைப்பத் தொறந்தா காத்துதான் வரும்."

திறந்து காட்டினான். காற்றுதான் வந்தது. ஜெயவேலுவின் அப்பா பெருங்களத்தூரில் நெல் விளைத்தவர். மகன் அந்த நிலத்தை மனை மனையாக விற்று முடித்துவிட்டு, இப்போது அடுத்தவர் நிலத்தை விற்றுக்கொண்டிருந்தான். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பதற்கு அவனைத்தான் காட்ட வேண்டும். குழாயைப் பற்றி அவன் அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஹாலுக்குப் போய் ஜன்னலைத் திறந்து, காற்று எப்படி வருகிறது பாருங்கள் என்று ஆரம்பித்துவிட்டான்.

தினகரன் அந்தக் கைத்தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சின்னக் கை. ஓரங்களிலிருந்து மெல்லக் காய்ந்துகொண்டிருந்தது.

வீடு பார்ப்பது அவருக்கும் மனைவி சுபத்ராவுக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலையாக இருந்தது. மற்றவர்கள் கோயிலுக்கோ சினிமாவுக்கோ போவார்கள். இவர்கள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சேலையூர், மேடவாக்கம், வண்டலூர் என்று ஊர் ஊராகப் போய், யார் வீட்டையோ பார்த்துவிட்டு, வழியில் பஜ்ஜி தின்றுவிட்டுத் திரும்புவார்கள். வாஸ்து, வெளிச்சம், ஸ்டேஷன் எவ்வளவு கிட்டே என்று புரோக்கர்கள் அளந்துகொண்டிருக்கும்போதே சுபத்ரா நேராகச் சமையலறைக்குப் போய்விடுவாள். குழாயைத் திறந்து ஒரு கை தண்ணீர் பிடித்து, வாயில் வைத்துப் புரட்டிப் பார்ப்பாள். அவ்வளவுதான். முகம் சுளித்தால் அந்த வீடு முடிந்தது. "இதுல பருப்பு வேகாதுங்க" என்பாள். சில இடத்தில் உப்பு, சில இடத்தில் துரு. தண்ணி குடிக்கறதுக்கா வீடு வாங்குறீங்க என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அப்படியே வருஷங்கள் போயின. வீடு அமையவில்லை. அவளுக்குக் கிட்னி போயிற்று.

டயாலிசிஸ் எடுப்பவர்கள் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க முடியாது. உடம்பில் சேர்ந்துவிடும், மூச்சு முட்டும். தினமும் தண்ணீரை அளந்து கொடுக்கும் வேலை தினகரனுக்கு வந்தது. அவள் ஐஸ் துண்டைக் கேட்டாள். ஈரத்துணியை வாயில் வைத்துச் சப்பினாள். ஒருநாள் குளியலறையில் குழாயோடு வாயை வைத்திருந்தவளைத் தோளைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. அவள் நல்லதுக்காகத்தான். டாக்டர் சொன்னதைத்தான் செய்தார். ஆனால் கடைசி வாரத்தில் அவள் தண்ணீரைத் தவிர வேறு எதையுமே கேட்கவில்லை. சாகிறவர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீராவது விட வேண்டும் என்பார்கள். பகையாளிக்குக்கூட மறுக்காத சொட்டு அது. சுபத்ராவுக்கு அதுவும் வாய்க்கவில்லை. அவள் ஐ.சி.யூ.வின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாள், வாயில் ட்யூப் இருந்தது, அவர் இந்தப் பக்கம் நாற்காலியில் இருந்தார்.

இப்போது மேற்குத் தாம்பரத்தில் குடியிருந்த வாடகை வீட்டை இடிக்கப்போகிறார்கள். ஓசூரிலிருந்து மகள் நித்யா தினமும் போன் பண்ணினாள். ஒன்று அங்கே வந்துவிட வேண்டும், இல்லை ஒரு வீட்டை வாங்க வேண்டும். தினகரன் வாங்குவதென்று முடிவு செய்தார். சுபத்ரா குடித்துப் பார்த்துத் தலையாட்டியிருக்கக்கூடிய தண்ணீர் வருகிற வீடு. அங்கே அவள் படத்துக்கு முன்னால் தினமும் ஒரு சொம்பு நிறைய வைக்க வேண்டும். அப்போதாவது அவள் தாகம் தீரும் என்று நம்பினார். யாரிடமும் அவர் இதைச் சொல்லவில்லை.

அடுத்து பீர்க்கன்கரணை. ஏரிக்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தனி வீடு. ஜெயவேலு சாவி வாங்கப் போயிருந்தான். பக்கத்து வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். ரூக்சார் என்று பிறகு பெயர் சொன்னாள்.

"வீடு பாக்க வந்தீங்களா அங்கிள்? ஆன்ட்டி நேத்தே வந்துட்டுப் போனாங்களே."

"எந்த ஆன்ட்டிம்மா?"

"குள்ளமா இருந்தாங்க. பச்சை காட்டன் புடவை. இந்தக் கையில நரம்பு கயிறு மாதிரி பெருசா புடைச்சிருந்துச்சு. உங்க வீட்ல இல்லையா?"

டயாலிசிஸ் ஊசிக்காக ஆபரேஷன் செய்த சுபத்ராவின் கை அது. அந்தப் புடைப்பின்மேல் காதை வைத்தால் ரத்தம் ஓடும் சத்தம் கேட்கும். தினகரன் வைத்துக் கேட்டிருக்கிறார்.

ரூக்சார் கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டே பேசினாள். "குடிக்கத் தண்ணி கேட்டாங்க. சொம்புல குடுத்தேன். இன்னும்னாங்க. திரும்பக் குடுத்தேன். அப்புறம் உள்ளயே வந்து கேனைத் தூக்கி வாயில வச்சுட்டாங்க அங்கிள். நடுவுல மூச்சே விடல. கேன் காலி. எனக்கு பயமாயிடுச்சு, வெளிய அனுப்பிக் கதவ சாத்திட்டேன். தாகம்னு வந்தவங்கள அனுப்பிட்டியேன்னு எங்கம்மா ஒரே திட்டு. கோச்சுக்காதீங்க."

"இல்லம்மா" என்றார். "நீ குடுத்தியே. அது போதும்."

அவருக்கு முதலில் வந்தது பயமில்லை. அவள் வந்திருக்கிறாள், ஊர் ஊராக வீடு பார்க்கிறாள், தன்னைவிட ஒரு நாள் முந்திக்கொண்டு போகிறாள் என்ற சந்தோஷம்தான் வந்தது. ஜெயவேலு கதவைத் திறந்ததும் ஹாலைக்கூடப் பார்க்காமல் சமையலறைக்கு ஓடினார். தரையில் ஈரக் கால் தடங்கள் இருந்தன. சமையலறையிலிருந்து குளியலறைக்கு, அங்கிருந்து பின்கட்டுக் குழாய்க்கு, மறுபடி சமையலறைக்கு. ஒரே ஆள், திரும்பத் திரும்ப, எதுவும் போதாமல் அலைந்த தடங்கள்.

"சுபா" என்று மெதுவாகக் கூப்பிட்டார்.

சுவருக்குள் குழாய் உறிஞ்சியது. தண்ணீர் வரும் சத்தமில்லை அது. மறுமுனையிலிருந்து யாரோ இழுக்கிற சத்தம். கீழே இறங்கி, தரைக்கடியில் ஓடி, நின்றது. அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது.

அன்று சாயங்காலம் நித்யாவிடம் சொன்னார்.

"அப்பா, அந்தப் பொண்ணு வேற யாரையாவது பாத்திருக்கும்பா" என்றாள். பிறகு, "நீங்க நேரத்துக்கு சாப்பிடுறீங்களா?" என்று கேட்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. அவர் பேச்சை மாற்றினார்.

கூடுவாஞ்சேரி வீட்டுக்குப் போன அன்று வானம் காலையிலிருந்தே மூட்டமாக இருந்தது, ஆனால் மழை விழவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டு இரைச்சல் காதிலிருந்து மறைகிற தூரத்தில், பாதி மனைகளில் கருவேலமும் மீதியில் எல்லைக் கல்லுமாகக் கிடந்த ஒரு லேஅவுட்டின் கடைசியில், புதுச் சுண்ணாம்பும் ஈர மண்ணும் மணக்க, அந்த வீடு தனியாக நின்றது.

"தண்ணிக்கு நான் கேரண்டி சார்" என்றான் ஜெயவேலு. "காலைல லாரி வுட்டு சம்ப்ப ரொப்பி வச்சிக்கீறாங்க. நீங்க பாக்க வரீங்கன்னு ஸ்பெசலா."

சமையலறைக் குழாயைத் திறந்தார். நூல்போல வந்தது. உள்ளங்கையில் பிடித்து வாயில் வைத்து, அவள் செய்வதுபோலவே புரட்டிப் பார்த்தார். உப்பில்லை. துருவில்லை. குளிர்ந்து, லேசாக இனித்தது. இதற்கு அவள் தலையாட்டியிருப்பாள். எத்தனை வருஷம் தேடிய தண்ணீர். தொண்டைக்குள் இறங்கும்போது, இதைக் குடிக்க அவள் இல்லையே என்று மனம் கனத்தது.

குழாய் நின்றது.

ஜெயவேலு மோட்டாரைப் போட்டான். அது வெறுமனே அலறியது. அணைத்துவிட்டு வெளியே ஓடி, வாசலோரம் தரைக்கடியில் இருந்த தொட்டியின் இரும்பு மூடியைத் தூக்கிப் பார்த்தான்.

"இன்னா சார் இது பேஜாரு! ஒரு லாரித் தண்ணி. அடி வரைக்கும் காஞ்சி கீது. லீக்கு கீக்கு இருக்குமா?" சிக்னல் கிடைக்காமல் போனைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டுக்குப் போனான். "இருங்க, ஓனராண்ட பேசிட்டு வரேன்."

தினகரன் முட்டி போட்டுக் குனிந்தார். உள்ளிருந்து குளிர் வந்தது. ஈர சிமென்ட் வாசனை. அதற்கடியில் ஸ்பிரிட் வாசனை, ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர் வாசனை. ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. சொரசொரப்பான எதையோ நக்குகிற சத்தம். விட்டு விட்டு. அவசரமாக.

போன் லைட்டைப் போட்டார்.

பச்சைப் புடவை.

மூலையில் குந்தியிருந்தாள். முதுகு இவர் பக்கம். உடம்பு ஊதியிருந்தது. ஒரு தொட்டித் தண்ணீரும் அவளுக்குள் இருந்தது. தோல் கண்ணாடியாக இழுபட்டு மின்னியது. அசைந்தபோது உள்ளே அலை அடித்தது. சுவரில் மிச்சமிருந்த ஈரத்தை நாக்கால் நக்கிக்கொண்டிருந்தாள்.

"சுபா."

நக்குவது நின்றது. திரும்பினாள். ஊதிய முகத்தில் கண்கள் வெறும் கோடுகள். உதடு மட்டும் காய்ந்திருந்தது. வெடித்திருந்தது. அன்று கண்ணாடிக் கதவு வழியே அவர் பார்த்த அதே உதடு.

"பத்தலைங்க" என்றாள்.

ஓட வேண்டும். கால் எழவில்லை. எழுந்திருந்தாலும் போயிருக்க மாட்டார்.

"வரும்மா. இப்ப வரும். ஜெயவேலு!" என்று கத்தினார். "லாரியைக் கூப்பிடு! வீட்டை முடிச்சிடு, இதையே எடுத்துக்கறேன். தண்ணி விடச் சொல்லு!"

"சூப்பர் சார்!" என்று கேட்டிலிருந்து சந்தோஷமாகக் குரல் வந்தது. "இதோ பேசிகினுதான் கீறேன்!"

தினகரனுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஒரு சொட்டு மூக்கு நுனியிலிருந்து கீழே இருட்டில் விழுந்தது.

அது விழுந்த சத்தத்துக்கு அவள் தலை திரும்பியது.

நான்கு காலில் வந்தாள். நேர் கீழே. அண்ணாந்து வாயைத் திறந்தாள். அடுத்த சொட்டு உள்ளே விழுந்தது. தொண்டை ஏறி இறங்கியது. அவள் முகத்தில் எத்தனையோ நாளாக அவர் பார்க்காத நிம்மதி. மறுபடி வாயைத் திறந்தாள். இன்னும் அகலமாக.

எழுந்து நின்றாள். ஈரக் கைகள் மேலே வந்தன. அவர் கன்னங்களை இரண்டு பக்கமும் ஏந்தி, மெல்லத் தன் பக்கம் இழுத்தாள். கேட்டருகே ஜெயவேலு யாரிடமோ விலையைக் குறைத்துப் பேசிக்கொண்டிருந்தான். போன் கைநழுவித் தொட்டிக்குள் விழுந்தது. தினகரன் கண்ணை மூடவில்லை.

அவள் அவர் கண்ணின்மேல் வாயைப் பொருத்தி, உறிஞ்சத் தொடங்கினாள்.