ஆவுடையாள் ஆச்சி வீட்டு இரண்டாவது அடுப்பு

கதவைத் திறந்தாள் சேதுலட்சுமி. மழையில் தொப்பலாக நனைந்து ஒருவன் நின்றிருந்தான். அவளைக் கண்டதும் அவனுடைய பெரிய கண்கள் இமைக்க மறந்தன... அதோடு நிறுத்தியிருக்கலாம். வாயைத் திறந்தான்.

"வீட்டுல யாரும் இல்லையாம்மா? நீ இங்க வேலைக்கு இருக்கியா?"

சுருக்கென்றது அவளுக்கு. சின்ன மூக்கு, இடுங்கிய கண்கள்... பர்மாக்காரத் தாய் கொடுத்துவிட்டுப் போன முகம். இந்த முகத்தைக் கண்டால் திருமயம் பஸ் கண்டக்டருக்குக்கூட இதே கேள்விதான்!

"இது எங்க அப்பச்சி கட்டுன வீடு. நான் பள்ளிக்கூடத்து டீச்சர். நீங்க யாரு, பிச்சைக்கு வந்தவுகளா?"

அவன் முகம் செத்துப்போனது. "தப்புதாங்க... மன்னிச்சுக்கங்க. எம்பேரு ரத்தினவேல், திருக்கோகர்ணம். சர்க்காருல குடும்ப வருமானக் கணக்கெடுக்க அனுப்பியிருக்காக."

மன்னிப்பாவது மண்ணாங்கட்டியாவது! விறுவிறுவென்று உள்ளே போனாள். அந்தத் திருட்டு முழி மட்டும் கூடவே வந்தது... சீ!

ஊரிலேயே பணக்காரத் தெரு அது. பேருக்குத்தான். ரங்கூன் கடைகள் கைவிட்டுப்போனதிலிருந்து பக்கத்து வீட்டில் தேக்குத் தூணையே விற்றுச் சாப்பிடுகிறார்கள். ஆனால் வீறாப்பு மட்டும் ஒரு குன்றிமணி குறையவில்லை.

அவன் வருமானம் கேட்டதும், முகப்புக்கு வந்து உட்கார்ந்த ஆவுடையாள் ஆச்சி, சேதுவின் தகப்பனாரான அப்பச்சிக்கு மூத்த மனைவி, நிமிர்ந்தே பதில் சொன்னாள்.

"பர்மாப் பணம் நின்னுபோச்சு தம்பி. அதனால என்ன? டீச்சர் சம்பளம் மாசாமாசம் என் கைக்கு வருது."

"அப்ப வீட்டு ஆளுகள்ல டீச்சரையும் சேர்த்து..."

"அவளையா? பர்மாக்காரி பெத்தது. கொல்லையில தனி அடுப்பு வச்சுப் பொங்கித் தின்னுது. சம்பளத்த எழுதுங்க, அவள எழுதாதீங்க!"

தூணோரம் நின்ற சேதுவின் காதில் அது விழுந்தது. அப்பச்சி செத்த பிறகும் முழுச் சம்பளத்தையும் கொண்டுவந்து கொடுத்தாளே, எதற்கு? ஒருநாள், ஒரே ஒருநாள், 'உள்ள வந்து எங்களோட சாப்பிடு' என்று ஆச்சி சொல்லமாட்டாளா என்றுதானே! அட நன்றிகெட்ட ஜென்மமே!

ரத்தினவேல் பேனாவை மூடினான். "ஆச்சி, ஒரே அடுப்புல சாப்பிடுறவுகதான் எங்க கணக்குல ஒரு குடும்பம். டீச்சருக்குத் தனி அடுப்புன்னா சம்பளமும் அங்கிட்டுத்தான் போகும்."

"அப்ப எங்க வருமானம்?"

"ஒண்ணுமில்லேன்னு எழுதணும்."

"ஒண்ணுமில்லையா! இந்த வீட்டுக்கா?" ஆச்சி பதறிப்போனாள். "சரி சரி... எங்களோட சாப்பிடுறதாவே எழுதிக்கங்க."

"வேணாம் பெரியாத்தா!" சேதுவின் குரலில் வீடே அதிர்ந்தது. "காகிதத்துல மட்டும் ஒங்க பந்தியில ஒக்கார எனக்கு இஷ்டமில்ல. எழுதுங்க சார். தனிக் குடும்பம். தலைவி சேதுலட்சுமி. இனிமே சம்பளமும் என் அடுப்புக்குத்தான்."

மழை விடவில்லை. குடையோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியவளைத் தெருமுனையில் அவன் எதிர்கொண்டான்.

"டீச்சர்... வாசல்ல நான் கேட்டது..."

"சாகுறவரைக்கும் மறக்கமாட்டேன்."

"மறக்க வேணாங்க. ஆயுசு பூரா திட்டுங்க... பக்கத்துல இருந்து கேட்டுக்கிறேன்."

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. "என்ன, இரக்கமா?"

"இரக்கமா! அங்க நீங்க போட்ட சத்தத்துல நானே நடுங்கிட்டேன். பிடிச்சிருக்குங்க... அம்புட்டுத்தான்."

"இந்த மூஞ்சியப் பார்த்தா ஒங்க ஆத்தா என்ன சொல்லுவாக? அங்கிட்டும் கொல்லையில ஒரு அடுப்பா?"

"சண்ட வரும். பொய் சொல்லமாட்டேன். எங்க வீட்டுக்கு வாங்கன்னு நான் கூப்பிடல. ஒங்க வீட்டுக்கு நான் வரலாமான்னுதான் கேக்குறேன்..."

இத்தனை வருஷமாக அடுத்தவர் வாசலில் அனுமதிக்குக் காத்துக் கிடந்தவள் அவள். இன்று அவளிடம் ஒருவன் அனுமதி கேட்கிறான்! கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க வெடுக்கென்றே சொன்னாள்.

"இன்னும் ஒங்க மேல ஆத்திரம் தீரல... ஆனா எனக்கும் பிடிச்சிருக்கு. வாங்க."