நீலி உண்ட கை

வைப்பாற்றின் மணற்பரப்பில் முழுநிலா அப்போதுதான் ஒளி பரப்பத் தொடங்கியிருந்தது. மேற்கே மலைத்தொடரின் விளிம்பில் செவ்வானம் இன்னும் முற்றும் அணையவில்லை. கருமலைக் கோட்டையின் கொத்தளங்களிலோ தீவர்த்திகள் ஒவ்வொன்றாக ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தன. ஆற்றங்கரை மருதமரங்களில் அடையும் பறவைகளின் ஆரவாரம் கோட்டையின் வசந்த மண்டபம் வரையில் கேட்டது.

அந்த மண்டபத்தில்தான், சித்திரத் தூணொன்றில் சாய்ந்தபடி, பூவாணிப் பாளையத்து இளவரசி கோமதி நாச்சியார் அமர்ந்திருந்தாள். நிலவை ரசிக்கும் மனம் அவளுக்கு அற்றுப்போய்ப் பதினொரு நாட்கள் ஆகியிருந்தன, அன்பு வாசகர்களே! பதினொரு நாட்களுக்கு முன்புதான் கருமலைப் பாளையக்காரர் உக்கிரவீரர் அவளுடைய தந்தையைப் போரில் கொன்று, அவளைச் சிறைப்பிடித்து வந்திருந்தார். இனி வரும் ஐந்தாம் நாள் தாமே அவளை மணப்பதாக முகூர்த்தமும் குறித்துவிட்டார், மகா உத்தமர்! அவளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த சீவலமாறனும் அதே போரில் மாண்டான் என்று ஊரெல்லாம் பேச்சாயிருந்தது.

பிறந்த மண்ணிலிருந்து அவளோடு வந்த உயிர் ஒன்றே ஒன்று. அது நீலி என்னும் கன்னி இன வேட்டைநாய். பூவாணிச் சீமையில் பெண்ணை நிச்சயித்ததும் மணமகன் கன்னிக் குட்டியொன்றைத் தேர்ந்து, ஆறு மாதம் தன் கையாலேயே பாலும் கம்பங்கூழும் ஊட்டி வளர்த்து, பிறகு மணமகளிடம் ஒப்படைப்பது வழக்கம். அதன்பின் அவ்விருவர் கையிலன்றி வேறெவர் கையிலும் அது ஒரு பருக்கைகூட உண்ணாது. பட்டினி கிடந்து செத்தாலும் சாகுமே தவிர வாய் திறக்காது. நாய்க்கு இத்தனை வீம்பா என்று கேட்பவர்கள் அந்த இனத்தோடு பழகாதவர்கள்.

"நாச்சியாரின் வாட்டம் தீர ஒரு விளையாட்டுப் பொருள் வரவழைத்திருக்கிறேன்" என்றபடி உக்கிரவீரர் உள்ளே வந்தார். அவர் பின்னால், செம்பட்டைத் தாடியும் நீண்ட அங்கியுமாக பாரசீகத்து ஹுர்மூஸ் நாட்டு வணிகன் ஒருவன், பஞ்சுப் பொதி போன்ற சின்னஞ்சிறு நாயொன்றை ஏந்தி வந்தான்.

"இதற்குத் தாயகம் சீனம், மகாராஜா. அந்நாட்டு அந்தப்புரங்களில் தலைமுறை தலைமுறையாக மடியிலேயே வளர்ந்த ஜாதி. வேட்டை அறியாது, சினம் அறியாது. எவர் மடியில் விட்டாலும் உறங்கிவிடும்" என்றான் வணிகன்.

"பேஷ்! பெண்களுக்கும் இந்தக் குணம்தான் வேண்டும்" என்று சொல்லிச் சிரித்தார் உக்கிரவீரர்.

வணிகன் குனிந்து நாயை அவள் மடியில் வைத்தான். அந்தக் கணத்தில் அவன் உதடுகள் மெல்ல அசைந்தன: "கோமதி, நான்தான். மலையில் முந்நூறு வீரர் காத்திருக்கிறார்கள். ஆற்றுவாயிலின் காவலைப் பார்த்து வைத்துக்கொண்டேன். நான் உயிரோடு திரும்பினால் நான்காம் நாள் இக்கோட்டை நம்முடையது."

சீவலமாறன்! அவன் சாகவில்லை! அவள் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டாள்.

தாடி, பேச்சு, நடை எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு வந்தவன் ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை. நீலி போர்க்களத்தில் செத்துவிட்டதாக அவன் கேள்விப்பட்டிருந்தான். அவனைப் பற்றி ஊர் சொன்னது எவ்வளவு உண்மையோ அவ்வளவுதான் அதுவும். அந்தப்புரத்தில் கட்டியிருந்த நீலி கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்து வந்து, அவன் காலடியில் விழுந்து புரண்டு, குழந்தையைப் போல் ஊளையிட்டு அழுதது. அவன் பரதேச மொழியில் அதட்டினான், காலால் தள்ளினான். அதுவும் விளையாட்டென்றே எண்ணி அவன் கையை நக்கியது, பாவம்.

உக்கிரவீரரின் சிரிப்பு நின்றது. இத்தனை நாட்களாக நாச்சியார் கையிலன்றி நீலி உண்ணாததை அவர் அறிவார். தட்டிலிருந்து இறைச்சித் துண்டொன்றை எடுத்து நீட்டினார்.

"வணிகரே, இதை அதற்கு ஊட்டும்."

மறுக்க வழியில்லை. பதினொரு நாட்களாக நாச்சியார் கையில் பாதி வயிற்றுக்கே உண்டிருந்த நீலி, அவன் கையிலிருந்து ஆவலோடு தின்றது. காவலர்களின் வேல்கள் அவன் மார்பை நோக்கித் தாழ்ந்தன.

"இந்த நாய் இனம் கெட்டது!" என்று நாச்சியார் சீறி எழுந்தாள். "நேற்று உம்முடைய சமையற்காரன் கையிலும் தின்றது. வெட்கத்தால் நான் வெளியே சொல்லவில்லை."

உக்கிரவீரர் அவளையே உற்றுப் பார்த்தார். "அப்படியா? அந்நியன் கையில் உண்ட கன்னியை உங்கள் குலத்தில் என்ன செய்வார்கள், நாச்சியார்?"

அவள் நீலியைப் பார்த்தாள். "உடையவளே தன் கையால் கொல்ல வேண்டும்."

"இவர் அந்நியர்தானே? குலவழக்கத்தை விடலாமா?" என்று தம் குறுவாளை உருவி நீட்டினார்.

சீவலமாறனின் கை அங்கிக்குள் போவதை அவள் கண்டாள். அவன் வாளை எடுத்தால் முந்நூறு பேரும் தலைவனின்றி மடிவார்கள். 'வேண்டாம்' என்று கண்ணாலேயே அவனைத் தடுத்தாள். குறுவாளை வாங்கிக்கொண்டு, "நீலி, வாடி அம்மா" என்று அழைத்தாள். அழைத்ததும் அது ஓடி வந்தது. வாலை ஆட்டிக்கொண்டே அவள் மடியில் தலையை வைத்து, வாள் பிடித்த கையையும் ஒருமுறை நக்கிக் கொடுத்தது. அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"என் ஐயம் தீர்ந்தது. போகும்போது அதையும் எடுத்துப் போய் ஆற்றில் எறிந்துவிடும், வணிகரே" என்றார் உக்கிரவீரர்.

சற்று நேரத்துக்கெல்லாம் மேன்மாடச் சாளரத்திலிருந்து அவள் பார்த்தாள். நிலவொளியில் ஓர் உருவம் மண்டியிட்டு, வெறுங்கையால் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தது. அதுவரை அடக்கியிருந்த அழுகையெல்லாம் பீறிட, அவ்வுருவத்தை நோக்கித் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்:

"அன்பரே, நீர் வெல்வீர்; என் தந்தையின் பழியையும் தீர்ப்பீர். ஆனால் என்னை மாலையிடக் கேட்காதீர். என்னை நம்பி வந்தவளைக் கொன்ற கை இது. இதை நீர் பற்றும்போதெல்லாம் நம் இருவருக்கும் அவள்தான் நினைவு வருவாள். குலதெய்வத்தின் மேல் ஆணை, இந்தக் கை எவர் கையையும் பற்றாது!"

நான்காம் நாள் கோட்டை விழுந்தது. உக்கிரவீரர் மாண்டார். புண்பட்ட தோளோடும் பூமாலையோடும் சீவலமாறன் அந்தப்புர வாயிலில் வந்து நின்று, பொழுது சாயும்வரை பெயர் சொல்லி அழைத்தான். கோமதி நாச்சியார் உள்ளே கதவில் முகம் புதைத்து அழுதாளே தவிர, தாழைத் திறக்கவில்லை.